தொட்டால் திறக்கும் வரைபடம்

ஒரே படத்துக்குள் பல வாசல்களை வெட்டித் தருவது இமேஜ் மேப். அதைச் செய்வது எளிது. ஆனால் படத்தைப் பார்க்க முடியாதவருக்கும் அந்த வாசலைத் திறந்துவிடும் ஒரு சிறு வரியை எழுதத்தான் பலருக்கு மறந்துபோகிறது.

கம்ப்யூட்டர் திரையில் இந்தியாவின் வரைபடம். மவுஸை ராஜஸ்தான் மீது நகர்த்தினால் அம்புக்குறி கை வடிவமாக மாறுகிறது. க்ளிக் செய்தால் அந்த மாநிலத்துக்கான பக்கம் வந்து நிற்கிறது. சற்றுக் கீழே இறங்கினால் குஜராத், கிழக்கே போனால் பீகார். உதவித்தொகை விண்ணப்பமானாலும் தேர்தல் முடிவானாலும், ‘உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்று தொடங்கும் வெப்சைட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முகப்பு கிடைப்பது அரிது. படித்தவர், படிக்காதவர், ஹிந்தி தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் தங்கள் மாநிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

இந்த வித்தைக்குப் பெயர் இமேஜ் மேப். பார்ப்பவருக்குத்தான் அது வரைபடம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது வண்ணப் புள்ளிகளின் குவியல். ராஜஸ்தான் எங்கே முடிகிறது, குஜராத் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பக்கத்தைத் தயாரித்தவர் படத்துக்குப் பின்னால் மறைவாக எழுதி வைத்திருக்கும் எண்கள்தான் அதை அதற்குச் சொல்கின்றன. இந்த எல்லைக்குள் சுட்டினால் இந்தப் பக்கத்துக்குப் போ. அவ்வளவுதான் கட்டளை.

எண்களோடு இன்னொன்றும் எழுதப்பட வேண்டும்: அந்தப் பகுதியின் பெயர். அது இருந்தால் பார்வையற்றவரின் கம்ப்யூட்டர் ‘ராஜஸ்தான்’ என்று உரக்கச் சொல்லும். இல்லாவிட்டால் நாட்டின் வரைபடம் முழுவதும் அவருக்கு வெற்றுச் சுவர். இந்தச் சிறு வரி உட்பட சில வசதிகள் இல்லாததற்காக ஓர் ஒலிம்பிக் அமைப்புக் குழு சட்டத்தின் முன் நிற்க நேர்ந்திருக்கிறது.

சர்வருக்கு ஓடிய காலம்

எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டும் வெப் பக்கங்களைப் பரவலாக்கியது மொசைக் பிரவுசர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் 1993-ல் அது உருவானது. படம் வந்த கையோடு அதைச் சுட்டிப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஸ்டீவ் புட்ஸ் உலக வரைபடம் ஒன்றை வெப்பில் ஏற்றினார். ஓரிடத்தைச் சுட்டினால் அந்த இடம் பெரிதாகி வந்தது. வெப்பில் வந்த முதல் வரைபடங்களில் அதுவும் ஒன்று.

அன்றைய முறையில் பிரவுசர் வெறும் தபால்காரர். படத்தில் எந்தப் புள்ளியில் சுட்டினீர்கள் என்பதை இரண்டு எண்களாக்கி, எங்கோ தொலைவில் இருக்கும் சர்வருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். அந்த எண்கள் எந்த எல்லைக்குள் விழுகின்றன என்று சர்வரில் உள்ள ஒரு புரோகிராம் கணக்குப் போட்டு, போகவேண்டிய முகவரியைத் திருப்பி அனுப்பும். ‘இஸ்மேப்’ என்ற சொல்லைப் படத்தோடு சேர்த்து எழுதினால் இந்த ஏற்பாடு வேலை செய்யும். இன்றும் அந்தச் சொல் உயிரோடுதான் இருக்கிறது.

குறைகள் பல. ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஒரு பயணம். சுட்டுவதற்கு முன் எங்கே போகப்போகிறோம் என்று தெரியாது; திரையின் அடியில் வெறும் எண்கள்தான் ஓடும். படம் காட்டாத பிரவுசர் வைத்திருந்தவர்களுக்கு எந்தப் புள்ளியைச் சுட்டுவது என்பதே கேள்வி.

இந்தியாவில் இந்தக் குறைகள் கூடுதலாகவே உறுத்தின. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. டெலிபோன் கம்பி வழியாகத்தான் இணைப்பு. விநாடிக்கு 9,600 பிட் வேகம் கொண்ட மோடத்தில் 50 கிலோபைட் படம் ஒன்று இறங்க, கம்பி ஒழுங்காக இருந்தாலே 43 விநாடி ஆகும். மாணவர்களுக்குக் கிடைத்த மலிவான இணைப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. அவர்களுக்கு வரைபடத்தைக் கொண்டு தொடங்கிய பக்கம் தொடங்காத பக்கம்தான்.

பிரவுசருக்கு வந்த புத்தி

கணக்கு போடும் வேலையைப் பிரவுசரே செய்தால் என்ன? இந்த யோசனையை விரிவாக எழுதி வைத்தவர் ஸ்பைகிளாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சீட்மன். மொசைக்கின் உரிமத்தைப் பெற்றிருந்த இந்த நிறுவனத்திடமிருந்துதான் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான அடிப்படையை வாங்கியது. சீட்மனின் யோசனை 1996 ஆகஸ்டில் இன்டர்நெட்டின் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1980-ஆம் எண்ணுடன் வெளியானது. 1997 ஜனவரியில் வந்த எச்.டி.எம்.எல். 3.2 அதைச் சேர்த்துக்கொண்டது.

இந்த முறையில் எல்லைகளின் எண்கள் பக்கத்தோடேயே வந்துவிடுகின்றன. சர்வருக்கு ஓடி விசாரிக்க வேண்டியதில்லை. சுட்டுமுன்பே போகும் முகவரி தெரிகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாயம் வேறு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் எழுதியிருந்தால், படமே காட்டாத பிரவுசர்கூட அந்தப் பெயர்களை வரிசையாகப் பட்டியல் போட்டுவிடும். பார்வையற்றவரின் கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டும். பெயர் எழுதும் இடத்துக்கு ‘ஆல்ட்’ என்று பெயர். படத்துக்கு மாற்றான எழுத்து என்பது பொருள். 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0 இதைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் என்றாலும் எழுதாமல் விட்டால் பிரவுசர் கோபித்துக்கொள்வதில்லை. படம் வழக்கம்போல் தெரியும். பலர் எழுதாமல் போவதற்கு இதுதான் காரணம்.

மாஹேக்கு எத்தனை பிக்ஸல்?

இமேஜ் மேப் தயாரிக்க நோட்பேட் போதும். படத்தைப் போட்டு, அதில் ‘யூஸ்மேப்’ என்று ஒரு பெயரைக் குறிக்க வேண்டும். அதே பெயரில் ‘மேப்’ ஒன்றைத் திறந்து, உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ‘ஏரியா’ வரி எழுத வேண்டும். அந்த வரியில் நாலு விஷயங்கள்: வடிவம், எண்கள், போகவேண்டிய முகவரி, ஆல்ட்.

வடிவம் மூன்று வகை. செவ்வகமானால் இடது, மேல், வலது, கீழ் என நாலு எண்கள். வட்டமானால் மையத்துக்கு இரண்டு, ஆரத்துக்கு ஒன்று. பல கோண வடிவமானால் ஒவ்வொரு முனைக்கும் இரண்டிரண்டு எண்கள். கடைசி முனையை முதல் முனையோடு பிரவுசரே இணைத்துக்கொள்ளும். பள்ளிக்கூட கிராஃப் தாளில் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பூஜ்யம் இருப்பது இடது மேல் மூலையில். கீழே போகப் போக எண் கூடும்.

உதாரணமாக 600 பிக்ஸல் அகலமும் 700 பிக்ஸல் உயரமும் உள்ள இந்தியப் படத்தை எடுத்துக்கொள்வோம். நாட்டின் எல்லைகள் படத்தின் நாலு ஓரங்களையும் தொட்டு நிற்கின்றன என்றால், தில்லி இடமிருந்து சுமார் 186, மேலிருந்து சுமார் 205 என்ற புள்ளியில் வரும். அங்கே ஆரம் 8 கொண்ட ஒரு வட்டம் போட்டால் தில்லி தயார். ராஜஸ்தானுக்குப் பல கோண வடிவம்; இருபது முனைகள் இருந்தால் போதும். எல்லையின் ஒவ்வொரு நெளிவையும் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. மவுஸ் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை.

சிக்கல் தொடங்குவது சின்ன இடங்களில். ஹரியானாவுக்குப் போட்ட தோராயமான வடிவத்துக்குள் தில்லியின் வட்டமும் மாட்டிக்கொள்ளும். இரண்டு பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எது முதலில் எழுதப்பட்டதோ அதற்கே வெற்றி என்பது விதி. ஆகவே ஹரியானாவுக்கு முன்னால் தில்லியை எழுத வேண்டும். மாற்றி எழுதினால் தில்லியைச் சுட்டும்போதெல்லாம் ஹரியானா திறக்கும்.

புதுச்சேரி இன்னும் கஷ்டம். யூனியன் பிரதேசம் ஒன்றுதான், துண்டுகள் நாலு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையில், மாஹே கேரளத்துக்குள், யானம் ஆந்திரத்துக்குள். ஓர் ஏரியா வரிக்கு ஒரு வடிவம்தான் என்பதால் நாலு வரிகள் எழுதி, நாலுக்கும் ஒரே முகவரியைத் தரவேண்டும். ஆல்ட் மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவருக்கு ‘புதுச்சேரி’ என்று நாலு முறை ஒலித்துக் குழப்பும்.

அதற்கும் மேல் ஒரு கணக்கு இருக்கிறது. கிழக்கு மேற்காக 2,933 கிலோமீட்டர் உள்ள நாட்டை 600 பிக்ஸலில் அடைத்தால் ஒரு பிக்ஸல் சுமார் 5 கிலோமீட்டர். சுமார் 9 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாஹே அரைப் பிக்ஸலுக்குள் முடிந்துவிடும். அதை எந்த விரலாலும் தொட முடியாது. தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்ஸல் இருக்க வேண்டும் என்கிறது 2023 அக்டோபரில் வெளியான சர்வதேச வெப் அணுகல் நெறிமுறை. முடியாத இடத்தில் அதே பக்கத்தில் வேறு வழி இருக்கலாம். அந்த வேறு வழி, வரைபடத்துக்குப் பக்கத்திலேயே மாநிலப் பெயர்களின் சாதாரணப் பட்டியல்தான். லட்சத்தீவில் இருப்பவருக்கும் கைநடுக்கம் உள்ள முதியவருக்கும் அதுவே துணை.

மாறும் எல்லை, சுருங்கும் படம்

வரைபடம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையும் அல்ல. 2000 நவம்பரில் சத்தீஸ்கர், உத்தராஞ்சல், ஜார்க்கண்ட் என்று ஒரே மாதத்தில் மூன்று மாநிலங்கள் பிறந்தன. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா வந்தது. 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களானது. 2020 ஜனவரி 26 அன்று டாமன் டையூவும் தாத்ரா நாகர் ஹவேலியும் ஒன்றாயின. ஒவ்வொரு முறையும் படத்தை மட்டும் மாற்றிவிட்டு எண்களை மாற்றாமல் விட்டால், ஹைதராபாத்தைச் சுட்டுபவர் ஆந்திரத்தின் பக்கத்தில் போய் விழுவார். நாட்டின் எல்லையை வரைவதிலும் எச்சரிக்கை தேவை. சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்துக்கு முரணான இந்திய வரைபடத்தை வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

செல்போன் வந்தபின் இன்னொரு தலைவலி. 600 பிக்ஸல் படம் சின்னத் திரைக்கு ஏற்ப 300 ஆகச் சுருங்குகிறது. எண்கள் சுருங்குவதில்லை, அவை பழைய அளவையே நினைத்துக்கொண்டிருக்கும். நம் உதாரணப் படம் பாதியாகச் சுருங்கினால், கன்னியாகுமரியைத் தொடுபவருக்கு குஜராத் திறக்கும். சென்னையைத் தொடுபவருக்கு ராஜஸ்தான்.

இதற்கு மருந்து எஸ்.வி.ஜி. என்ற பட வடிவம். வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ 3 சி அமைப்பு 2001 செப்டம்பரில் இதை அங்கீகரித்தது. இதில் படம் என்பது புள்ளிகளின் குவியல் அல்ல, கோடுகளின் விவரம். ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனி உருவம். அந்த உருவத்தையே இணைப்பாக்கிவிடலாம். படம் எந்த அளவுக்குச் சுருங்கினாலும் விரிந்தாலும் தொடும் எல்லையும் கூடவே சுருங்கும், விரியும். தேர்தல் முடிவு நாளில் 543 மக்களவைத் தொகுதிகளையும் வண்ணம் மாற்றிக் காட்டுவதற்கு ஏற்றது இந்த முறைதான். ஆனால் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. உருவத்துக்குப் பெயர் எழுதாவிட்டால் எஸ்.வி.ஜி.யும் ஊமைதான்.

சிட்னி தந்த பாடம்

பெயர் எழுதாததன் விலை என்ன என்பதை உலகுக்குக் காட்டியது 2000-ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக்ஸ். போட்டிகளுக்கான அதிகாரபூர்வ வெப்சைட்டை ஐ.பி.எம். நிறுவனம் தயாரித்திருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த புரூஸ் மகுவைர் பார்வையற்றவர். திரையில் உள்ள எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் கருவியின் உதவியோடு கம்ப்யூட்டரைப் பயன்படுத்துபவர். எந்த விளையாட்டு எப்போது, யார் வென்றார் என்று அறிய அந்த வெப்சைட்டுக்குள் போக முயன்றபோது பல இடங்களில் வழி அடைபட்டிருந்தது.

1999 ஜூனில் அவர் மனித உரிமைகள் மற்றும் சம வாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அவர் கேட்டவை மூன்று: எல்லாப் படங்களுக்கும் இமேஜ் மேப் இணைப்புகளுக்கும் ஆல்ட் எழுத்து, விளையாட்டுகளின் அட்டவணைக்குப் போக வழி, முடிவுப் பட்டியல்களைப் படிக்க வழி.

ஒலிம்பிக் அமைப்புக் குழு மறுத்தது. முடிவுப் பட்டியல்களுக்காகவே 1,295 பக்க வார்ப்புகளைத் திருத்தவேண்டும், ஒருவர் தினம் எட்டு மணி நேரம் உழைத்தால் 368 நாள் பிடிக்கும், கூடுதல் கட்டமைப்புக்கு 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவாகும் என்று வாதிட்டது. மகுவைர் தரப்பு நிபுணர்கள் இதை ஏற்கவில்லை. வார்ப்புகளின் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு, செலவும் சொற்பம் என்றார்கள்.

2000 ஆகஸ்ட் 24 அன்று ஆணையம் மகுவைர் பக்கம் தீர்ப்பளித்தது. 1992-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாடு தடைச் சட்டத்தை ஒலிம்பிக் குழு மீறியிருக்கிறது, போட்டி தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் சரிசெய்ய வேண்டும் என்றது. குழு அரைகுறையாகவே செய்தது. நவம்பரில், மகுவைருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தரும்படி ஆணையம் உத்தரவிட்டது. அதற்குள் போட்டிகள் முடிந்து பதக்கங்களும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. மகுவைருக்கு ஒலிம்பிக்ஸ் திரும்ப வரவில்லை. ஆனால் வெப்சைட்டும் ஒரு பொது இடம்தான், அதற்கும் சாய்தளம் வேண்டும் என்ற கருத்து சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இங்கே என்ன நிலை?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடி பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். விண்ணப்பம், சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் திரைக்குள் போய்விட்ட காலத்தில் இவர்களுக்கு வெப்சைட் ஒரு சௌகரியம் அல்ல, அத்தியாவசியம்.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. அரசு வெப்சைட்டுகளுக்கான நெறிமுறை 2009-லேயே வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. மின்னணுத் தகவல்கள் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்று அதன் 42-ஆம் பிரிவு சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, வங்கிகளும் மற்றவர்களும் நடத்தும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

கருவிக்கும் பஞ்சமில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு சாஃப்ட்வேர் இலவசம். தமிழும் படிக்கும். ஆனால் எழுதி வைத்ததைத்தான் அது படிக்கும். ‘படம் 1’ என்றோ ‘இங்கே சொடுக்கவும்’ என்றோ ஆல்டில் எழுதியிருந்தால் அதையே பக்தியோடு ஒப்பிக்கும். தமிழ்ப் பக்கத்தில் பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் ஒரு சொல்லில் குறிக்க வேண்டும்.

செய்துபார்க்க விரும்புவோருக்கு

1. படத்தை எந்த அளவில் காட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அளவு மாறினால் எண்களும் மாற வேண்டும். செல்போனுக்கும் சேர்த்தென்றால் எஸ்.வி.ஜி.யே நல்லது.

2. எண்களைக் கண்டுபிடிக்க, விண்டோஸோடு வரும் பெயின்ட் போதும். படத்தின்மேல் மவுஸை நகர்த்தினால் திரையின் அடியில் இரண்டு எண்கள் தெரியும்.

3. சின்னப் பகுதிகளை முதலிலும் அவற்றைச் சூழ்ந்த பெரிய பகுதிகளைப் பிறகும் எழுதுங்கள்.

4. ஒவ்வொரு ஏரியா வரியிலும் ஆல்ட் எழுதுங்கள். இடத்தின் பெயர் மட்டும் போதும்.

5. பக்கத்திலேயே சாதாரணப் பட்டியல் ஒன்றும் கொடுங்கள்.

6. முடித்தபின் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு ‘டாப்’ விசையை மட்டும் தட்டிப் பாருங்கள். எல்லாப் பகுதிகளுக்கும் போய்வர முடிந்தால் வேலை சரி. பிறகு திரையை அணைத்துவிட்டு என்.வி.டி.ஏ.வைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆறாவது சோதனைதான் முக்கியம். இன்று நாட்டில் 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள். ஆக 36 பெயர்கள். புதுச்சேரியின் நாலு துண்டுகளையும் சேர்த்தால் இன்னும் மூன்று. இவற்றைத் தட்டச்சு செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த அரை மணியைச் செலவிட்ட வரைபடத்தில் 50 லட்சம் பேருக்கும் தங்கள் மாநிலம் கிடைக்கும்.